கூனும் குணமும்: குழந்தைகளின் முதுகெலும்புத் தொற்று குறித்து நாஞ்சில் நாட்டிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

எதிர்ப்பாற்றல் குன்றிய குழந்தைகளின் முதுகெலும்பைத் தாக்கும் தொற்றுகளுள் தமிழகத்தில் நெடுங்காலமாக முதன்மை பெற்றிருப்பது காசநோய். அது நெடுங்காலம் தொற்றாக அறியப்படாமல், கூன், கால்வாதம், சீழ்க்கட்டி என வெவ்வேறு பெயர்களில் சிதறிக் கிடந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மருத்துவ நிறுவன வரலாற்றையும், சென்னையில் நிகழ்ந்த காசநோய்ச் சிகிச்சை ஆய்வுகளையும் இணைத்துப் பார்க்கும் இக்கட்டுரை, ‘குணம்’ என்னும் சொல்லுக்கு மருத்துவம் வகுத்த அளவுகோல் குழந்தையின் உடலுக்குப் பொருந்தாமற் போனதை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: முதுகெலும்புக் காசநோய், கூன், நெய்யூர், எதிர்ப்பாற்றல், பி.சி.ஜி., நாஞ்சில் நாடு.

முன்னுரை

நாஞ்சில் நாடு என்பது வரலாற்று வழக்கில் தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய இரு தாலுகாக்களையே குறிக்கும். கல்குளமும் விளவங்கோடும் வேணாட்டின் பகுதிகள். இந்நான்கும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியின் கீழிருந்து, மொழிவழி மாநிலச் சீரமைப்பின்போது கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தில் இணைந்தன. மருத்துவ வரலாற்றைப் பொறுத்தவரை இந்த எல்லைப் பிரிவினையை இறுகப் பற்றிக்கொள்ள இயலாது. நாகர்கோவிலிலும் நெய்யூரிலும் எழுந்த மருத்துவமனைகளுக்கு நோயாளிகள் தாலுகா பார்த்து வரவில்லை. ஆகவே இக்கட்டுரை மாவட்டம் முழுவதையும் நாஞ்சில் நாடு என்னும் பரந்த வழக்கிலேயே கொள்கிறது.

முதுகெலும்புக் காசநோய் பெரும்பாலும் நுரையீரலில் தொடங்குகிறது. நுரையீரலில் அமைந்த கிருமி குருதி வழியாகச் சென்று முள்ளெலும்பின் முன்பகுதியில் தங்குகிறது; எலும்பை மெல்ல அரிக்கிறது. அரிக்கப்பட்ட முன்பகுதி உடலின் எடை தாங்காமல் சரியும்போது முதுகு முன்னோக்கி மடிந்து, பின்புறம் கூனாகப் புடைக்கிறது. சீழ் தசையின் உறை வழியே இறங்கி இடுப்பிலோ தொடையிலோ கட்டியாக வெளிப்படலாம். தண்டுவடம் நசுங்கினால் கால்கள் செயலிழக்கும். நோய் ஒன்று, ஆனால் அது வெளிப்படும் முகங்கள் மூன்று. இம்மூன்றையும் ஒன்றாகக் காணும் அறிவு வாய்ப்பதற்கு முந்தைய காலத்தின் எந்த ஆவணத்திலும் ஒரே நோய் மூன்று தலைப்புகளின்கீழ் பிரிந்து கிடப்பது இயல்பே. பழைய மருத்துவமனைப் பதிவுகளையும் மிஷன் அறிக்கைகளையும் கையாளும் ஆய்வாளர் ‘காசநோய்’ என்னும் பத்தியை மட்டும் எண்ணிக் கணக்கிட்டால் குழந்தைகள் கணக்கிலிருந்து நழுவிவிடுவார்கள்.

கூன் என்னும் பெயர்

தமிழ் இலக்கியத்தில் கூனுக்குத் தொன்மையான இடமுண்டு. புறநானூற்றின் 28ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் எண்வகை உடற்குறைகளுள் ஒன்றாகக் கூனை வைக்கிறார். கலித்தொகையின் 94ஆம் பாடல் கூனுடைய பெண்ணுக்கும் குறளனுக்கும் இடையிலான உரையாடல். கம்பனின் மந்தரை கூனி என்னும் பெயராலேயே மக்கள் நினைவில் நிற்கிறாள். யாப்பிலக்கணத்தில் அடியின் அளவுக்கு மேலாகத் தனித்து நிற்கும் சொல்லுக்கும் கூன் என்பதே பெயர். இவற்றுள் எந்தக் கூனும் காசநோயால் விளைந்தது என்று கொள்ளச் சான்றில்லை. பிறவிக் குறை, எலும்பு மெலிவு, முதுமை எனக் கூனுக்குக் காரணங்கள் பல. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இவ்விடங்களில் எல்லாம் கூன் என்பது ஒருவரின் இயல்பாக, அடையாளமாக வருகிறதே தவிர, ஒருவருக்கு நேர்ந்ததாக, ஒரு நாளில் தொடங்கி வளர்ந்ததாக வருவதில்லை. சொல்லின் இந்த இயல்பே மருத்துவ வரலாற்றிலும் தொடர்ந்தது. கூனன் என்று அழைக்கப்பட்ட சிறுவனுக்கு ஒரு காலத்தில் காய்ச்சலும் முதுகுவலியும் இருந்தன என்பதைப் பெயர் மறைத்துவிடுகிறது.

மேலை மருத்துவமும் இதே வழியில்தான் நடந்தது. இலண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1779இல் வெளியிட்ட நூல் முதுகு வளைவோடு சேர்ந்து வரும் கால்வாதத்தைப் பற்றியது. அவர் பெயரால் ‘பாட் நோய்’ என்று இன்றும் வழங்குகிறது. ஆனால் நோய்க்குக் காரணமான கிருமியை அவர் அறியார். இராபர்ட் கோக் அதை அறிவித்தது 1882 மார்ச் 24இல். நோயின் தொன்மையைக் காட்ட எகிப்தியப் பதனுடல் ஒன்று போதும். அமுன் கோயில் பூசகர் ஒருவரின் பதனுடலில் சரிந்த முள்ளெலும்புகளையும் இடுப்புத்தசைச் சீழ்க்கட்டியையும் எலியட் ஸ்மித்தும் ரஃபரும் 1910இல் விவரித்தனர்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்னொரு சூழலையும் சேர்த்து எண்ண வேண்டும். வர்ம மருத்துவமும் எலும்பு முறிவு வைத்தியமும் வேரூன்றிய மண் இது. முதுகில் வலி என்றால் ஆசானிடம் செல்வது இங்கு இயல்பான வழக்கம். ஓடியாடும் குழந்தை எப்போதும் எங்கேனும் விழுந்திருக்கும். எனவே வலிக்கு விழுந்த அடியே காரணம் என்று பெற்றோர் கருதுவது உலகெங்கும் காணப்படுவதே. அடிக்கும் படுவுக்கும் மருத்துவம் செழித்த இடத்தில் அக்கருத்து இன்னும் எளிதில் ஏற்கப்படும். இதனை ஆசான்களின் அறியாமை என்று எழுதிவிடுவது வரலாறாகாது. 1882க்கு முன்னர் இலண்டன் மருத்துவரும் எலும்பரிப்பின் விளைவையே கண்டார். அதன் காரணத்தை அல்ல.

நெய்யூரும் நாகர்கோவிலும்

தென்திருவிதாங்கூரில் இலண்டன் மிஷனின் பணி 1806இல் மயிலாடியில் ரிங்கல்தௌபேயுடன் தொடங்கியது. மருத்துவப் பணி 1838இல் ஆர்ச்சிபால்டு ராம்சே நெய்யூருக்கு வந்தபோது அமைந்தது. இடையில் அறுபட்டும் மீண்டும் தொடர்ந்தும் வந்த அப்பணி, 1860களில் ஜான் லோ காலத்தில் உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவப் பயிற்சி அளிக்கும் நிலைக்கு உயர்ந்தது. பயிற்சி பெற்றவர்கள் கிளை மருந்தகங்களுக்குச் சென்றனர். முதுகெலும்பு நோயைப் பொறுத்தவரை இது சிறு செய்தி அன்று. நிற்கவோ உட்காரவோ முடியாத குழந்தையைக் கட்டிலிலோ தோளிலோ சுமந்து நெய்யூர்வரை கொண்டுவருவதே பெரும்பாடாக இருந்த காலத்தில், ஊருக்கு அருகில் நோயைக் காணும் கண் ஒன்று வேண்டும். நாகர்கோவிலில் சால்வேஷன் ஆர்மியின் மருந்தகமாகத் தோன்றி, 1900இன் இறுதியில் பெர்சி டர்னர் வந்தபின் வளர்ந்த காதரின் பூத் மருத்துவமனை அடுத்த நிலையம்.

நெய்யூர் என்றதும் நினைவுக்கு வருபவர் தியோடர் ஹோவர்டு சோமர்வெல். 1922, 1924 ஆகிய இரு எவரெஸ்ட் பயணங்களிலும் பங்கேற்றவர். முதற்பயணத்தின்பின் தென்னிந்தியா வந்து, நெய்யூரில் மருத்துவருக்காகக் காத்திருந்த கூட்டத்தைக் கண்டு அங்கேயே பணியாற்ற முடிவு செய்தார். ஏறத்தாழக் கால்நூற்றாண்டு அங்கிருந்து, பின்னர் வேலூர் சென்றார். அவருக்குப் புகழ் தந்தது குடற்புண் அறுவை மருத்துவம். ஆயினும் அதனூடாக எழுந்த ஒரு கேள்வி இக்கட்டுரைக்கு இன்றியமையாதது: தென்திருவிதாங்கூர் மக்களுக்கு ஏன் இத்தனை குடற்புண்? சோமர்வெல்லும் உடன்பணியாற்றிய ஐ. எம். ஓரும் ஏழைகளின் உணவை நோக்கினர். விசாகம் திருநாள் மன்னர் காலத்தில் (1880-1885) ஊக்குவிக்கப்பட்டுப் பரவிய மரச்சீனிக் கிழங்கு, அரிசிக்கு வழியற்ற வீடுகளில் முதன்மை உணவாகியிருந்தது. குன்னூரில் இராபர்ட் மக்காரிசன் நிறுவிய உணவாய்வுக் கூடத்தில் திருவிதாங்கூர் ஏழைகளின் உணவை எலிகளுக்கு அளித்துச் சோதனைகள் நடந்தன. கிழங்கு வயிற்றை நிரப்பும். புரதம் அதில் மிகக் குறைவு. மீன் கிடைத்த கடற்கரையும் கிடைக்காத மேட்டுப்புறமும் இவ்வகையில் ஒன்றல்ல.

எதிர்ப்பாற்றல் என்னும் பிரச்சினை

புரதக் குறையுடன் வளரும் குழந்தையின் எதிர்ப்பாற்றல் குன்றும் என்பது இன்று அறிந்த செய்தி. அன்றைய மருத்துவர்களுக்கு அதைச் சுட்டிய தெளிவான சான்று வேறொரு திசையிலிருந்து வந்தது. வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளமென்ஸ் ஃபொன் பிர்கே 1907இல் தோலில் டியூபர்குலின் சோதனையை அறிமுகப்படுத்தினார். அடுத்த ஆண்டே, தட்டம்மை கண்ட குழந்தைகளிடம் அச்சோதனையின் எதிர்வினை சில நாட்கள் மறைந்துபோவதைக் கண்டார். தெற்குச் சீமையில் மணல்வாரி என்று வழங்கும் தட்டம்மை, உடலின் காவலைச் சிறிது காலம் தளர்த்திவிடுகிறது. அடங்கியிருந்த காசநோய்க் கிருமி அவ்விடைவெளியில் தலையெடுக்கக்கூடும். அம்மை இறங்கிய பிறகு பிள்ளை தேறவில்லை என்று வீட்டுப் பெண்கள் கூறும் குறிப்பை மருத்துவ வரலாற்றுக்குரிய சான்றாகவே கொள்ளலாம்.

பால் பற்றியும் ஒரு சொல். பிரிட்டனில் குழந்தைகளின் எலும்பு, மூட்டுக் காசநோய்களுள் கணிசமான பங்கு பசுவின் காசநோய்க் கிருமியால், காய்ச்சாத பால் வழியே வந்தது. பாலைக் காய்ச்சியே குடிக்கும் வழக்கம் இங்கு அந்த வழியைப் பெரிதும் அடைத்துவிட்டது. ஆகவே பிரித்தானியப் பாடநூலை அப்படியே நாஞ்சில் நாட்டுக்குப் பொருத்த இயலாது. இங்கே குழந்தைக்கு நோயைத் தந்தது பெரும்பாலும் வீட்டிலிருந்து இருமிய பெரியவரே.

மருந்து வருவதற்கு முன்னர் சிகிச்சை என்பது ஓய்வும் மாவுக்கட்டும் வெயிலுமே. சுவிட்சர்லாந்தின் லெசான் ஊரில் ரோலியே 1903 முதல் வெயிற்சிகிச்சை நடத்தினார். தமிழ்நாட்டில் தாம்பரம் சானடோரியத்தை டேவிட் சௌரி முத்து 1928இல் நிறுவினார். குழந்தையை மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கில், படுக்கையில் கட்டிவைத்தனர். அத்தகைய படுக்கைக்கு உரிய காலமும் பணமும் கிழங்கு தின்று வாழ்ந்த வீட்டுக்கு எங்கிருந்து வரும்?

1956

மூன்று நிகழ்ச்சிகள் ஓராண்டில் கூடியதைத் தற்செயல் என்றே கொள்ளவேண்டும், ஆயினும் குறிப்பிடத்தக்கது. 1956இல் கன்னியாகுமரி சென்னை மாநிலத்தில் இணைந்தது. அதே ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், உலக நலவாழ்வு நிறுவனம், சென்னை அரசு ஆகியவை சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. அதே ஆண்டில் ஹாங்காங்கில் ஹாட்சனும் ஸ்டாக்கும் முதுகெலும்பை முன்புறமிருந்து திறந்து, நோயுற்ற எலும்பை முழுவதும் அகற்றி, எலும்பு ஒட்டும் அறுவை முறையை வெளியிட்டனர்.

சென்னை மையத்தின் முதற் பெரும் ஆய்வு 1959இல் வெளிவந்தது. வாலஸ் ஃபாக்ஸ் முன்னின்று நடத்திய அவ்வாய்வு, நுரையீரல் காசநோயாளிகள் சானடோரியத்தில் தங்கினாலும் தம் எளிய வீட்டிலிருந்தே மருந்துண்டாலும் ஏறத்தாழ ஒரே பயனைப் பெறுவதைக் காட்டியது. வீட்டிலிருந்தவர்களின் உணவு தாழ்ந்ததாகவே இருந்தும் மருந்து வென்றது. சானடோரியக் கட்டில்களை எண்ணி நாட்டின் நோயை அளந்த காலம் அத்துடன் முடிந்தது. உணவு பொருட்டல்ல என்று இதனைப் படித்தவர்களும் உண்டு. அது பிழையான படிப்பு. நோய் வந்தபின் மருந்து குணமாக்கும் என்பது வேறு; நோய் வராமல் உணவு காக்குமா என்பது வேறு. பின்னதற்கு விடை 2023இல்தான் உறுதியாகக் கிடைத்தது. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் வீட்டாருக்கு உணவுப்பொருள் வழங்கிய ஆய்வில், அவர்களிடையே புதிதாக நோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது. மரச்சீனியைக் குறித்து நெய்யூரில் எழுந்த கேள்விக்கு இது நெருங்கிய உறவு.

முதுகெலும்புக்கு வருவோம். அறுவை வேண்டுமா, மருந்தே போதுமா என்னும் வழக்கு கொரியா, ரொடீசியா, ஹாங்காங் ஆகிய இடங்களில் ஆராயப்பட்டபின் சென்னையிலும் ஆராயப்பட்டது. மார்பு, இடுப்புப் பகுதி முதுகெலும்பில் நோயுற்ற 304 பேர் மூன்று பிரிவினராயினர்: அறுவையுடன் ஆறு மாத மருந்து, நடமாடியபடியே ஆறு மாத மருந்து, நடமாடியபடியே ஒன்பது மாத மருந்து. ஐசோநியாசிடும் ரிஃபாம்பிசினும் நாள்தோறும் தரப்பட்டன. பத்தாண்டு முடிவு 1999இல் வெளியானது. அறுவை பெற்ற 78 பேரில் 90 விழுக்காட்டினரும், ஆறு மாத மருந்துண்ட 78 பேரில் 94 விழுக்காட்டினரும், ஒன்பது மாத மருந்துண்ட 79 பேரில் 99 விழுக்காட்டினரும் நல்ல நிலையில் இருந்தனர். மேசையில் கிடத்தி மார்பைத் திறந்தவர்களைவிட வீட்டிலிருந்து மாத்திரை விழுங்கியவர்கள் தாழ்ந்துவிடவில்லை. தொலைவூரிலிருந்து பெருநகர் அறுவைக்கூடத்துக்குச் செல்ல இயலாத குடும்பத்துக்கு இதைவிட நற்செய்தி வேறில்லை.

அளவுகோலின் குறை

ஆனால் அந்த அறிக்கையிலேயே ஒரு விலக்கு இருந்தது. 15 வயதுக்கு உட்பட்டு, தொடக்கத்திலேயே கூன் கோணம் 30 பாகைக்கு மேல் இருந்தவர்களுக்கு ஆறு மாத மருந்து போதவில்லை. அவர்களின் கூன் கணிசமாக வளர்ந்தது. இது முரணாகத் தோன்றலாம். ‘நல்ல நிலை’ என்பதற்கு ஆய்வாளர் வகுத்த வரையறையைப் பார்த்தால் முரண் நீங்கும்: நோய் அடங்கியிருத்தல், சீழ்க்கட்டி இன்மை, தண்டுவடப் பாதிப்பால் செயலிழப்பு இன்மை, இயல்பாக நடமாடுதல். கூனின் அளவு இவ்வரையறைக்கு வெளியே நின்றது. வளர்ந்தவருக்கு அதனால் பெரிய தீங்கில்லை. அவர் எலும்பு எந்நிலையில் ஆறியதோ அந்நிலையில் பெரும்பாலும் நிற்கும். குழந்தைக்கு அப்படியன்று. முன்பகுதியின் வளர்முனைகள் அழிந்திருக்க, பின்பகுதி தொடர்ந்து வளர்கிறது. கிருமி செத்தபின்னும் கூன் வளரும். நோயின் பெயரைப் பழைய வழக்கு கூனுக்குள் மறைத்தது என்றால், புதிய அளவுகோல் கூனை நோயின் கணக்கிலிருந்து மறைத்தது.

இவ்விடத்தை ஆழமாக ஆராய்ந்தவர் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எஸ். ராஜசேகரன். மருந்துச் சிகிச்சை பெற்ற 61 குழந்தைகளைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து எக்ஸ்ரே எடுத்து அளந்த அவரது கட்டுரை 2001இல் வெளியானது. சராசரிக் கோணம் தொடக்கத்தில் 35 பாகை. பதினைந்து ஆண்டுக்குப்பின் 41. சராசரி இங்கே ஏமாற்றும். சிலருக்குக் கூன் வளர்ச்சி நிற்கும்வரை கூடியது. சிலருக்கு வளர வளரக் குறைந்தது. நோய் சிறிதாக இருந்தவர்களுக்கு மாறவே இல்லை. கூடிய முதல் வகையிலேயே ஒரு சாராருக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் எதுவும் நிகழாமல் இருந்து, பின்னர்க் கூன் கூடத் தொடங்கியது. யாருக்குக் கூடும் என்பதை முன்னறிய நான்கு எக்ஸ்ரே அடையாளங்களை அவர் வகுத்தார்: பின்மூட்டுகள் விலகுதல், நோயுற்ற எலும்புத் துண்டு பின்னோக்கித் தள்ளப்படுதல், முள்ளெலும்பு பக்கவாட்டில் நகர்தல், மேல் முள்ளெலும்பு கவிழ்தல். இவற்றுள் இரண்டுக்கு மேல் இருந்தால் அறுவை வேண்டும் என்பது அவர் முடிவு. அறுவை தேவையில்லை என்று பொதுவாகக் காட்டிய ஆய்வு மரபிலிருந்தே, இன்ன குழந்தைக்கு அது தேவை என்னும் விதியும் பிறந்தது.

தடுப்பூசியின் இருமுனை

காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யின் உற்பத்திக்கூடம் 1948இல் கிண்டியில் அமைந்தது. இராஜாஜி 1955இல் அதனை வெளிப்படையாக எதிர்த்தார். செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய பேராய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை எனக் காட்டியது. குழந்தைகளின் மூளையுறைக் காசநோயையும் உடலெங்கும் பரவும் வகையையும் தடுக்கும் ஆற்றல் அதற்கு உண்டு என்பதால் பிறந்தவுடன் இடும் வழக்கம் தொடர்கிறது. அது உயிருள்ள, வலுக்குறைந்த கிருமி. பிறவியிலேயே எதிர்ப்பாற்றல் அற்ற அரிய குழந்தையிடம் அக்கிருமியே பரவி எலும்பை, சிலவேளை முதுகெலும்பையும் தாக்குவதுண்டு. எச்.ஐ.வி. தொற்று உறுதியான குழந்தைக்கு அதை இடலாகாது என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2007இல் அறிவித்தது.

எச்.ஐ.வி. இந்தியாவில் முதன்முதலாக 1986இல் சென்னையில், சுனிதி சாலமன் வழிகாட்டலில் கண்டறியப்பட்டது. எதிர்ப்பாற்றல் குன்றுதல் என்பது அதுவரை உணவையும் அம்மையையும் சார்ந்ததாக இருந்தது. இப்போது அதற்கு ஒரு கிருமியே காரணமாயிற்று. 2004இல் இலவச மருந்து தொடங்கிய முதல் மையங்களுள் ஒன்று தாம்பரம், சௌரி முத்து நிறுவிய அதே சானடோரியம். புற்றுநோய் மருந்தாலும் பிறவிக் குறையாலும் காவல் இழந்த குழந்தைகளின் முதுகெலும்பில் காசநோய் மட்டுமன்றி, அஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகளும் நுரையீரலிலிருந்து நேரே ஊடுருவித் தங்குவதுண்டு. வெளித்தோற்றத்தில் இவை காசநோயை ஒத்திருக்கும். டியூபர்குலின் சோதனையோ பிர்கே கண்டவாறே பொய்த்துவிடும். திசுவை எடுத்துச் சோதிப்பதன்றி வேறு வழியில்லை. காசநோய் மலிந்த நாட்டில் முதுகு வளைந்த குழந்தைக்குச் சோதனையின்றியே காசநோய் மருந்து தொடங்கும் வழக்கம் பெரும்பாலோருக்கு நன்மையே செய்யும். அந்த அரிய குழந்தைக்கு அது காலத்தைத் தின்றுவிடும்.

முன்பு காசநோய் மருத்துவமனை இயங்கிய நாகர்கோவில் ஆசாரிபள்ளம் வளாகத்தில் இப்போது கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி உள்ளது. நுரையீரல் அல்லாத காசநோய்களுக்கான 2016ஆம் ஆண்டு இந்திய வழிகாட்டுநெறி எலும்பு, மூட்டு நோய்க்குப் பன்னிரண்டு மாத மருந்தைப் பரிந்துரைக்கிறது. பன்னிரண்டாம் மாதத்தில் பதிவேட்டில் சிகிச்சை முடிந்ததாகக் குறிக்கப்படும். ஆறு வயதில் நோய்ப்பட்ட சிறுமிக்கு அப்போது ஏழு வயது. ராஜசேகரன் கண்ட இடைவெளியைக் கூட்டினால், அவளது முதுகு மீண்டும் வளையத் தொடங்கக்கூடிய காலம் பத்து முதல் பன்னிரண்டு வயது. அவள் ஐந்தாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்புக்குச் செல்லும் ஆண்டுகள். காய்ச்சலும் வலியும் இல்லாததால் அவளை மருத்துவமனைக்கு யாரும் அழைத்துச் செல்லமாட்டார்கள். சட்டையின் பின்புறம் சற்றே தூக்கி நிற்பதை முதலில் காண்பவர் தையல்காரராகவோ உடன் படிக்கும் பிள்ளையாகவோ இருக்கலாம். அவர்களிடம் அதற்கு இருக்கும் சொல் இன்னும் கூன் என்பதே.